‘படித்ததையே படிக்கிறான், தனியாகச் சிரிக்கிறான்’

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பாடப்புத்தகம் தவிர அவன் தொடுவது மூன்றுதான்: லக்கி லூக் காமிக்ஸ், சுப்பாண்டி, ஆங்கிலத்தில் விம்பி கிட். படித்ததையே படிக்கிறான், தனியாகச் சிரிக்கிறான். நான் வாங்கிக் கொடுத்த நீதிக்கதைத் தொகுப்பு பிரிக்காமலே கிடக்கிறது. 4 வயது மகளுக்குத் தினமும் பாட்டி வடை சுட்ட கதைதான் வேண்டும். வடை என்கிற இடத்தில் போண்டா என்று சொல்லிவிட்டால் ஒரே கத்தல். “பொம்மைப் புத்தகம் படித்தால் படிப்பு ஏறாது” என்கிறார் மாமியார். கணவரோ மகனோடு சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார். நானும் ஒழுங்கில்லை. குழந்தை வளர்ப்பு பற்றி ஆறு புத்தகம் வாங்கினேன். முழுதாகப் படித்தது ஃபேபர், மஸ்லிஷ் என்ற இருவர் எழுதிய ஒன்றை மட்டும்தான், அதுவும் உள்ளே இருந்த கார்ட்டூன்களுக்காக. இந்தப் புத்தகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? காமிக்ஸை எடுத்து ஒளித்துவைத்துவிடலாமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்:

வணக்கம். ஒளித்துவைக்க வேண்டாம். எங்கே வைத்தாலும் பையன் கண்டுபிடித்துவிடுவான். இல்லாவிட்டால் உங்கள் கணவரே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை.

நான் பள்ளி நூலகர். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை உண்மையிலேயே விரும்புகிறார்கள் என்று அறிய எங்களுக்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. முதுகு பிய்ந்து, ஓரம் மடிந்து, நடுவில் பிஸ்கட் தூளோடு திரும்பி வருவது எது என்று பார்த்தால் போதும். அப்படி வருவதில் முதலிடம் சிரிப்புக் காமிக்ஸுக்கு. அடுத்தது, அடங்காத பிள்ளையோ அசட்டு வேலைக்காரனோ வருகிற கதைகள். நன்னெறி, நல்லொழுக்கம் என்று அட்டையிலேயே போட்டிருப்பவை ஆண்டுவிழாப் பரிசாக வந்தபோது இருந்த பளபளப்பு குறையாமல் அலமாரியிலேயே நிற்கும்.

உங்கள் வீட்டில் மூன்று பேரும் வேறு வேறு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத் தோன்றினாலும், எனக்குத் தெரிவது ஒரே விஷயம். உங்கள் மகனைக் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை யாராவது திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். கையெழுத்து, உட்காரும் விதம், சட்டைப் பொத்தான், மதிப்பெண் என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை. மகளுக்கோ என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்று எதுவுமே தன் கையில் இல்லை. உங்களையும் திருத்த ஆளுக்குப் பஞ்சமில்லை: மாமியார், டாக்டர், வகுப்பு ஆசிரியர், அப்புறம் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழு. நீங்கள் மூவரும் விரும்பும் இந்தப் புத்தகங்கள் மட்டும் உங்களைத் திருத்த வருவதில்லை. அவற்றில் வேறு யாரோ தப்புச் செய்கிறார்கள். அது தப்பு என்று படிக்கிற உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது. அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள்தான் அங்கே விவரமான ஆள்.

சின்னவளிடமிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்தச் சுகம் எங்கே முளைக்கிறது என்பது அவளிடம்தான் தெளிவாகத் தெரியும். தினமும் அதே காக்கா, அதே வடை, அதே நரி. பெரியவர்களுக்குச் சலிப்புத் தட்டுகிறது. அவளுக்கோ, நாள் முழுக்க அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருந்துவிட்டு, கடைசியில் அடுத்து நடப்பது முழுக்கத் தெரிகிற ஓர் இடம் கிடைக்கிறது. காக்கா வாயைத் திறக்கப் போகிறது, வடை விழப் போகிறது. காக்காவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இதில் படிப்புக்கும் லாபம் உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் 3 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். புதிய சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட, அதே சொற்களை ஒரே கதையில் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள் அவற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கதை பழகிவிட்டால் கவனம் சொற்கள் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

போண்டா விவகாரத்துக்கு வருவோம். ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கோர்னேய் சுக்கோவ்ஸ்கி, இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இரண்டு வயதுகூட நிரம்பாத அவருடைய மகள் ஒருநாள் அவரிடம் வந்து, நாய் ‘மியாவ்’ என்று கத்துகிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்ததை அதில் விவரிக்கிறார். அவர் திருத்திப் பார்த்தார். அவள் விடவில்லை, மறுபடியும் அதையே சொல்லிச் சிரித்தாள். பிறகுதான் அவருக்குப் புரிந்தது: நாய் குரைக்கும் என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது, அதனால்தான் அதைத் தலைகீழாக்கி விளையாட முடிகிறது. அவரும் சேவலை ‘மியாவ்’ என்று கத்தவைத்து ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். உறுதியாகத் தெரிந்ததைத்தான் குழந்தை கலைத்துப் போடும் என்பது அவர் கண்டது. என்னைக் கேட்டால், குழந்தைகளின் நகைச்சுவை பற்றி இதைவிட உபயோகமான ஒன்றை யாரும் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் மகள் போண்டாவுக்குக் கத்துகிறாள் என்றால், வடை இன்னும் அவளுக்கு முழுக்கச் சொந்தமாகவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நாள் பொறுங்கள். அப்புறம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே “பாட்டி பீட்சா சுட்டாளாம்” என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்குச் சிரிப்பாள். மறுநாள் நரிக்குப் பதிலாக அவளே யாரையாவது கொண்டுவருவாள். அது உங்கள் மாமியாராக இருந்தால் நான் பொறுப்பில்லை.

சுப்பாண்டி இதே விளையாட்டின் அடுத்த படி. அனந்த் பை 1980இல் தொடங்கிய ‘டிங்கிள்’ என்ற சிறுவர் இதழில் 1983இல் அவன் தலைகாட்டினான். மும்பையிலிருந்து வந்த பாத்திரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் சொல்லிவந்த ஒரு முட்டாள் வேலைக்காரன் கதையைத் திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பியதுதான் அவனுக்கு மூலம். அதனால்தானோ என்னவோ, ‘பூந்தளிர்’ சிறுவர் இதழ் வழியாகத் தமிழுக்கு வந்தபோது அவன் விருந்தாளி மாதிரியே தெரியவில்லை. சுப்பாண்டி சோம்பேறி இல்லை, கெட்டவன் இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவான், அதுதான் அவனுடைய ஒரே கோளாறு.

ஏழெட்டு வயதில் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? சொல் ஒன்று, சொன்னவர் மனதில் இருப்பது இன்னொன்று என்பது அவர்களுக்கு அப்போதுதான் சரியாகப் பிடிபடுகிறது. கடி ஜோக் தொல்லை ஆரம்பிப்பதும் அந்த வயதில்தான். “ஓடாத பஸ் எது?” என்று கேட்டு, நீங்கள் யோசிப்பதற்குள் “சிலபஸ்!” என்று கத்துகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை தன் புதுத் திறமையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சுப்பாண்டிக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்கிற பெருமை எளிதில் அலுக்காது. சொன்னதை அப்படியே செய்துவிட்டுத் திட்டு வாங்கிய அனுபவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதால், அவன்மேல் கொஞ்சம் பாசமும் உண்டு.

மகனுக்குச் சுப்பாண்டி பிடிக்கும் என்றால் அடுத்து பரமார்த்த குரு கதையைக் கொடுங்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற பாதிரியார் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒருவன் எரிகிற கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் விடுவான். ‘சுர்’ என்று சத்தம் வந்ததும் ஆறு சீறுகிறது என்று அலறி ஓடிவருவான். கடைசியில் எப்படியோ அக்கரை சேர்ந்தபின் தலையை எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு ஆள் குறையும், உடனே செத்துப்போனவனுக்காக எல்லோரும் ஒப்பாரி வைப்பார்கள். இதை வகுப்பில் வாசித்தால், கேட்கிற பிள்ளைகள் “நீ உன்னையே எண்ணலை!” என்று புத்தகத்தைப் பார்த்துக் கத்துவார்கள். பழைய நடை கொஞ்சம் கடினம், அதனால் சுருக்கி எழுதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

விம்பி கிட் பற்றிப் பல அம்மாக்கள் என்னிடம் குறை சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையன் கிரெக் சுயநலக்காரன், சோம்பேறி, நண்பனை மாட்டிவிடுகிறவன். அவனைப் பார்த்து நம் பிள்ளை கெட்டுப்போகாதா என்று. இதை எழுதி வரைந்த ஜெஃப் கின்னி முதலில் மனதில் வைத்திருந்தது பெரியவர்களை. தங்கள் பள்ளிக்காலத்தை நினைத்துச் சிரிக்கட்டும் என்றுதான் எழுதினார். பதிப்பகத்தார்தான் இது பிள்ளைகளுக்கான புத்தகம் என்று சொல்லி, 2007இல் அச்சில் கொண்டுவந்தார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால் அதன் சூட்சுமம் பிடிபடும். கிரெக் தன்னைப் பற்றி எழுதுவது ஒன்று, பக்கத்தில் இருக்கும் படம் காட்டுவது இன்னொன்று. தான் பெரிய புத்திசாலி என்று அவன் எழுதுவான்; படத்தில் வழிந்துகொண்டு நிற்பான். கதை சொல்கிறவனை நம்பக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தராமலே பிள்ளை புரிந்துகொண்டு, இரண்டையும் ஒட்டவைத்துச் சிரிக்கிறது. இதையே பிற்பாடு கல்லூரி இலக்கிய வகுப்பில் பெரிய பாடமாக நடத்துவார்கள். உங்கள் மகன் கிரெக்கைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றால், கிரெக் செய்வது தப்பு என்று அவனுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லை.

லக்கி லூக்கிலும் நடப்பது இதுதான், இன்னும் நயமாக. பெல்ஜியத்து ஓவியர் மோரிஸ் 1946இல் உருவாக்கிய கௌபாய் அவர். 1955 முதல் பல கதைகளை எழுதியவர் பிரெஞ்சுக்காரரான கோசினி. ஆஸ்டெரிக்ஸை எழுதியவரும் அவர்தான். சிவகாசியிலிருந்து 1984 முதல் வரும் லயன் காமிக்ஸ் லக்கி லூக்கைத் தமிழ் பேசவைத்தது. படிப்படியாக உயரம் கூடும் நான்கு டால்டன் சகோதரர்களில் குள்ளமானவனுக்குத்தான் மூளையும் கோபமும், நெட்டையனுக்குப் பசி மட்டும். ஒவ்வொரு முறையும் சிறையிலிருந்து தப்புவார்கள், ஒவ்வொரு முறையும் பிடிபடுவார்கள். நான்கு பேரும் துப்பாக்கியோடு திரிகிற ரவுடிகள்தான், ஆனால் அம்மா வந்துவிட்டால் நடுங்குவார்கள். சிறைக்காவல் நாய் ரின் டின் கேனுக்கு யார் நண்பன், யார் கைதி என்றே தெரியாது. ஹீரோவின் குதிரை ஜாலி ஜம்பர்தான் அந்தக் கூட்டத்திலேயே விவரமானது.

முடிவு தெரிந்த கதையை உங்கள் மகன் ஏன் மறுபடி படிக்கிறான் என்று கேட்டீர்கள். வடை விழும் என்று தெரிந்தே அவன் தங்கை ஏன் கேட்கிறாளோ அதற்காகத்தான். முதல் தடவை கதைக்காக வேகமாகப் புரட்டுவான். அடுத்த தடவைகளில்தான் பின்னணியில் நிற்கும் சவப்பெட்டித் தச்சர் அளவெடுத்துக்கொண்டிருப்பதையும், ஓரத்தில் ஒரு கழுகு காத்திருப்பதையும் கண்டுபிடிப்பான். நல்ல சிரிப்புக் காமிக்ஸ் வரைகிறவர்கள் இதற்காகவே ஓரங்களில் எதையாவது ஒளித்துவைக்கிறார்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது என்று வாசகன்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்ததில் வீங்கிய கன்னம். அடி விழுந்தது உங்கள் மகனின் தலைக்குள்தான்.

கணவர் சேர்ந்து சிரிப்பதும் நல்லதே. சில காமிக்ஸுக்குச் சிறியவர், பெரியவர் இருவருமே வேண்டும். பில் வாட்டர்சன் 1985 நவம்பரிலிருந்து 1995 டிசம்பர் கடைசி நாள் வரை வரைந்த ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ உங்கள் வீட்டில் இன்னும் நுழையவில்லை போலிருக்கிறது. கால்வினுக்கு ஆறு வயது. அவன் மட்டும் இருக்கும்போது ஹாப்ஸ் நிஜப் புலி, வேறு யார் வந்தாலும் பஞ்சடைத்த பொம்மை. எது உண்மை என்று வாட்டர்சன் கடைசிவரை சொல்லவில்லை. பையன் கேட்கிற அறிவியல் கேள்விகளுக்கெல்லாம் அப்பா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு புளுகுவார். பழைய போட்டோக்கள் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கின்றன என்றால், அந்தக் காலத்தில் உலகமே கறுப்பு வெள்ளைதான் என்பார். ஒன்பது வயதுப் பையன் இதைப் படித்தால் கால்வினாகிறான், நாற்பது வயதுக்காரர் அந்த அப்பாவாகிறார். நீங்கள் அந்த அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவீர்கள். அவளுக்கு வாட்டர்சன் பெயர்கூட வைக்கவில்லை; கால்வினுக்கு அவள் அம்மா, அவ்வளவுதான்.

சரி, பிரிக்காமல் கிடக்கிற நீதிக்கதை. கதையின் மேல் எனக்குக் கோபமில்லை, கடைசி வரியின் மேல்தான். ‘இக்கதையால் அறியப்படும் நீதி யாதெனில்’ என்று வந்ததும் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, இதுவும் தன்னைத் திருத்த வந்ததுதான் என்று. பஞ்சதந்திரம் முதலில் அப்படி இல்லை. படிப்பில் நாட்டமில்லாத மூன்று இளவரசர்களுக்கு உலக நடப்பைச் சொல்லிக்கொடுக்க விஷ்ணுசர்மா சொன்னதாக வருவது அது. உள்ளே சூது, துரோகம், சாமர்த்தியம் எல்லாம் இருக்கும். முதலையின் முதுகில் உட்கார்ந்துகொண்டு “இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேனே” என்று புளுகித் தப்பிக்கிற குரங்கு எந்த நல்லொழுக்கப் பாடத்தில் சேரும்? நாம்தான் அதையெல்லாம் உரித்துவிட்டுக் கொட்டையை மட்டும் கொடுக்கிறோம். நீங்கள் வாங்கிய தொகுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். அதிலிருந்து ஒரு கதையை மாமியாரிடம் கொடுத்து வாயால் சொல்லச் சொல்லுங்கள், நீதியை மட்டும் விட்டுவிட்டு. பாட்டிகளுக்கு எந்த இடத்தில் குரலை ஏற்ற வேண்டும் என்று தெரியும்.

பொம்மைப் புத்தகம் பற்றிய மாமியாரின் பயம் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். செனட் விசாரணைவரை போனது. பதிப்பாளர்கள் பயந்து அதே ஆண்டில் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் போட்டுக்கொண்டார்கள். கேரல் டில்லி என்ற ஆய்வாளர் பின்னாளில் வெர்த்தமின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, பிள்ளைகள் சொன்னவற்றை அவர் தன் வசதிக்கு மாற்றியும் கூட்டியும் எழுதியிருந்ததை 2012இல் எடுத்துக்காட்டினார். ‘படிப்பு ஏறாது’ என்பதற்கும் பதில் உண்டு. டொனால்ட் ஹேய்ஸ், மார்கரெட் ஆரென்ஸ் இருவரும் 1988இல் ஆங்கில நூல்களையும் பேச்சையும் எடுத்து, 1,000 சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று கணக்கிட்டார்கள். பட்டதாரிகள் தங்களுக்குள் பேசுகிற பேச்சில் 17.3. குழந்தை நூல்களில் 30.9. காமிக்ஸில் 53.5. தமிழ்க் காமிக்ஸும் லேசுப்பட்டதில்லை. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தவர்களில் நிறையப் பேர் இன்று நல்ல தமிழ் வாசகர்கள். ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் கொண்டுபோய் மாமியாரிடம் நீட்டாதீர்கள். ஒரு லக்கி லூக்கைப் பேரன் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். டால்டன்களின் அம்மா வரும் கதையாக இருந்தால் உத்தமம்.

இப்போது உங்கள் ஆறு புத்தகங்கள். குழந்தை வளர்ப்பு நூல்களில் இரண்டு ஜாதி உண்டு. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் எழுதியது ஒரு ஜாதி: பிள்ளையைக் கட்டிப்பிடிக்காதே, முத்தம் கொடுக்காதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று. படிக்கிற அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் குற்றவாளி. 1946இல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் வந்து, உங்களை நம்புங்கள், நீங்கள் நினைப்பதைவிட உங்களுக்கு அதிகம் தெரியும் என்று முதல் பக்கத்திலேயே சொன்னார். கோடிக்கணக்கில் விற்றது. அந்த வரிக்காகவே பாதிப் பேர் வாங்கியிருப்பார்கள் என்று எனக்கொரு எண்ணம்.

நீங்கள் முடித்த அந்த ஒரு புத்தகத்தை அடேல் ஃபேபர், எலைன் மஸ்லிஷ் என்ற இரண்டு அம்மாக்கள் 1980இல் எழுதினார்கள். உளவியலாளர் ஹைம் கினாட் நடத்திய வகுப்புகளில் பெற்றோராகப் போய் உட்கார்ந்து கற்றவர்கள் அவர்கள். புத்தகம் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கும்: பிள்ளை பெறுவதற்கு முன்னால் தான் பிரமாதமான அம்மாவாக இருந்ததாக எழுதியிருப்பார். முதல் வரியிலேயே நீங்கள் சிரித்திருப்பீர்கள். பிறகு உரையாடல்களும் கார்ட்டூன்களும்: “சூடாக இருக்கிறது” என்று பிள்ளை சொல்ல, “அதெல்லாம் இல்லை, ஸ்வெட்டரைக் கழற்றாதே” என்று அம்மா சண்டைக்கு நிற்கிற மாதிரிக் காட்சிகள். அந்த அம்மா சொதப்புகிறாள், உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது. உங்கள் மகன் கிரெக்கைப் படிப்பதும் நீங்கள் இதைப் படித்ததும் வேறு வேறு காரியங்கள் இல்லை. மற்ற ஐந்தையும் படிக்காததற்காக வருந்தாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் தனித்தனிப் படுக்கையறையும் வாரப் பாக்கெட் மணியும் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். அடுத்த அறையில் பாட்டி இருக்கிற வீட்டில், “டிவியை அணை” என்று நீங்கள் சொன்ன மறுநிமிஷம் அவர் ரிமோட்டை எடுத்துக் கொடுத்தால் என்ன செய்வது என்று அந்த ஆசிரியர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

பிடித்த புத்தகம் என்பதால் அதிலிருப்பதெல்லாம் சரி என்று ஆகிவிடாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பாக்கின் 1958 பதிப்பு, கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னது. தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்துக்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பு இருப்பது பிற்பாடு தெரியவந்து, இன்று மருத்துவர்கள் மல்லாக்கப் படுக்கவைக்கத்தான் சொல்கிறார்கள். லக்கி லூக் வாயில் பல காலம் சிகரெட் இருந்தது. 1983இல்தான் மோரிஸ் அதை எடுத்துவிட்டுப் புல்லைச் செருகினார். பழைய கதைகளில் செவ்விந்தியர்களையும் சீனர்களையும் காட்டியிருக்கிற விதம் இன்று நெருடும். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், தடை போடவும் வேண்டாம். “இவங்களை ஏன் எல்லாரும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்காங்க?” என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து அவனே பேசுவான்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சின்னவளுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டும்படி மகனிடம் சொல்லி, காதைக் கொடுங்கள். பேச்சுப் பலூனில் உள்ள எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை வைத்தே ஊகித்துச் சொல்கிறானா, சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை இட்டுக்கட்டுகிறானா, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறானா என்று கவனியுங்கள். அப்படியானால் முதலில் கண் பரிசோதனை, பிறகு வாசிப்புக் குறைபாட்டுக்கான சோதனை. திட்டுவது இரண்டுக்கும் மருந்தில்லை. ‘கேப்டன் அண்டர்பேண்ட்ஸ்’, ‘டாக் மேன்’ என்ற சிரிப்புப் புத்தகங்களை எழுதிய டேவ் பில்கிக்குச் சிறுவயதில் டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடும் கவனச்சிதறலும் இருந்தன. வகுப்பில் தொல்லை என்று அடிக்கடி வெளியே வராந்தாவில் உட்காரவைக்கப்பட்டு, அங்கே உட்கார்ந்துதான் காமிக்ஸ் வரைய ஆரம்பித்தார். இன்னொன்றையும் பாருங்கள்: புத்தகத்தில் ஒருவன் வழுக்கி விழுவதற்குச் சிரிப்பவன், வகுப்பில் ஒருவன் விழுந்தால் கை கொடுக்கிறானா? கொடுக்கிறான் என்றால் நிம்மதியாக இருங்கள்.

மற்றபடி நீங்கள் செய்ய வேண்டியது சொற்பம். படித்து முடித்ததும் “என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்காதீர்கள்; “எந்த இடம்டா ரொம்பச் சிரிப்பு?” என்று கேட்டால் பத்து நிமிஷம் பேசுவான். வீட்டில் நாலு புது வகைப் புத்தகங்கள் கண்ணில் படும்படி கிடக்கட்டும், சிபாரிசு எதுவும் வேண்டாம். ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானியப் புத்தகம் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமியைப் புதுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் உட்காரவைத்து நாலு மணி நேரம் பேசவிட்டுக் கேட்பார். பிள்ளைகளைவிடப் பெற்றோரே அதை அதிகம் இரவல் கேட்கிறார்கள். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே வந்த ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ என்ற, ரஷ்ய எழுத்தாளர் ரஸ்கினின் புத்தகம் உங்கள் கணவருக்கென்றே எழுதியது போலிருக்கும். காதுவலியில் அழுத மகளைச் சமாதானப்படுத்த, தான் சிறுவயதில் செய்த அசட்டுத்தனங்களை ஓர் அப்பா சொல்லத் தொடங்கியதிலிருந்து பிறந்தது அது. ஒரு கதை முடிந்ததும் அவருடைய சொந்தச் சொதப்பல் ஒன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மகளுக்குப் படக்கதை வேண்டுமென்றால் சென்னை துளிகா பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன; ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே நூற்றுக்கணக்கில் படிக்கலாம்.

அடுத்த முறை உங்கள் ஊரில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, இவ்வளவுதான் பட்ஜெட் என்று சொல்லி மகன் கையில் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அவன் லக்கி லூக்கையே மறுபடி வாங்குவான். வாங்கட்டும். நீங்கள் சமையல் புத்தகக் கடைப் பக்கம் போய் நில்லுங்கள்.